கறுப்பு ஜன்னல் ‘சென்றது’ என்றது

ஷாதிபூர், போர்ட் பிளேர்.

தம்பி நந்தகுமாருக்கு அக்கா உமா மகேஸ்வரி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தை சங்கவியும் நலமாக இருக்கவேண்டும் என்பதில் இந்த வரி வரைக்கும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கடிதம் முடியும்போது எப்படியோ தெரியாது. அப்பாவைச் சௌக்கியக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் ‘சிக்னல் இல்லக்கா’ என்பாய். அதனால் நாளை விமானமேறும் செல்லம் அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன தடவை வந்தபோது, காது கேட்காத அப்பா உனக்குத் தினமும் எழுதட்டும் என்று ஒரு லேப்டாப் வைத்துவிட்டுப் போனாய். எல்லோரையும் போல வாட்ஸப் போட்டுக் கொடுக்காமல், விண்டோஸுக்குள் யூனிக்ஸ் என்ற வேறொரு சிஸ்டம் மாதிரி நடிக்கிற சிக்வின் என்ற ஒன்றைப் போட்டாய். அப்பா அடித்து முடித்து ஐகானைத் தட்டினால் கறுப்பு ஜன்னல் திறக்கும், ‘சென்றது’ என்று சொல்லும், எழுதிய பக்கத்தைத் துடைத்துவிட்டு மூடிக்கொள்ளும். அப்பாவுக்கு அதன்மேல் அப்படியொரு மரியாதை. “தபால்காரன் என்னைக்காவது இப்படிச் சொல்லியிருக்கானா?” என்பார். பதில் வராததைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாதா? கப்பலேறுகிறவர் கையில் பொட்டலம் கொடுத்தால், போய்ச் சேர்ந்ததா என்று நாம் கேட்பதில்லை, வாங்கினவர்தான் சொல்லவேண்டும். நீ சொல்லவில்லை. “மெயின்லேண்ட்ல பிஸியா இருப்பான், நீ அவன்கிட்ட ஒண்ணும் கேக்காதே” என்று என் வாயையும் கட்டிவிட்டார்.

பொங்கல் முடிந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டையில் புற்றுக்கட்டி என்றார் டாக்டர், சீக்கிரம் மெயின்லேண்ட் போய் ஆபரேஷன் செய்யச் சொன்னார். நான் டிக்கெட் போட உட்கார்ந்தால் அப்பா, “சின்னவனுக்கு எழுதியிருக்கேன், அவன் வான்னு சொல்லட்டும்” என்றார். மழை பிடித்துக்கொண்டது, சோறு கஞ்சியாயிற்று, கஞ்சி தண்ணியாயிற்று, நீ வான்னு சொல்லல. பெத்தவருக்குப் புற்றுன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்காத பிள்ளைகிட்ட எனக்கென்ன பேச்சுன்னுதான் உன் போனை நான் எடுக்கல. இப்ப புரியுதா?

போன வாரம் பொறுக்காமல் லேப்டாப்பைத் திறந்து அந்த ஐகானுக்குள் என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று பார்த்தேன். கடிதத்தை /dev/null என்ற இடத்துக்கு அனுப்பு, ‘சென்றது’ என்று சொல், பக்கத்தைத் துடை. அவ்வளவுதான். சரி, எல்லாம் அந்த null ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும் என்று விண்டோஸ் வழியாகத் தேடினால், dev இருக்கிறது, உள்ளே null இல்லை. கறுப்பு ஜன்னல் வழியாகக் கேட்டால் ஒரு ஊரே நிற்கிறது: sda என்றால் ஹார்ட் டிஸ்க்காம், clipboard என்றால் காப்பி செய்தது தங்குகிற இடமாம், நடுவில் null. எதுவும் ஃபோல்டர் இல்லை, டிஸ்க்கில் அப்படி ஒரு இடமே இல்லை, ஒவ்வொன்றும் ஒரு சாதனத்துக்குச் சிக்வின் மாட்டிவைத்த பெயர்ப்பலகை. சாத்தம் ஜெட்டியில் படகுப் போர்டைப் பார்த்து ஏறினால் போர்டுக்குப் பின்னாடி படகாவது இருக்கும். null பலகைக்குப் பின்னாடி ஒண்ணுமே கிடையாது. எதைக் கொடுத்தாலும் வாங்கும், சரி என்னும், மிச்சம் வைக்காது. கம்ப்யூட்டர் கடை பிஸ்வாஸிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். “தீதி, உங்க தம்பி டெஸ்டிங்குக்கு இப்படி வெச்சிருப்பார், மாத்த மறந்துட்டார். திரும்ப எடுக்கறதா? குச் நஹீ மிலேகா, ஒண்ணும் கெடைக்காது” என்று டீ குடித்தார்.

இதைக் காது கேட்காதவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாயா? நான் கத்தக் கத்தத் தெருவே யூனிக்ஸ் படித்தது. பக்கத்து வீட்டு வேலாயி வந்து, “எல்லாம் போச்சாமே, நகையா?” என்று துக்கம் கேட்டாள். அப்பா மட்டும் நிதானமாக, “அப்ப அவன் படிக்கவே இல்லையா?” என்றார்.

“இல்லப்பா.”

“படிச்சிட்டுச் சும்மா இருக்கலையே?”

“இல்லப்பா.”

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? கொஞ்சம் ரசம் ஊத்து.” ரெண்டு ஸ்பூன் இறங்கிச்சு. முகத்துல அப்படி ஒரு தெளிவு. எனக்குத்தான் அடுப்படியில நிக்க முடியல.

இப்போது போனாலும் கட்டியை வெட்டி எடுக்க முடியுமா என்பதை அங்கே பார்த்துத்தான் சொல்லமுடியுமாம். நீ வந்து ‘வா’ என்று ஒரு வார்த்தை சொல்லிக் கூட்டிக்கொண்டு போ. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மனைவிக்கு என் அன்பு. சங்கவிக்கு ஆயிரம் ஆசி. உனக்கும் ஆசிதான், கோபம் தீர்ந்தபிறகு எடுத்துக்கொள்.

அக்கா,
உமா மகேஸ்வரி

பி.கு.: ஐகானில் பிஸ்வாஸ் இடத்தை மாற்றி உன் மெயில் முகவரியைப் போட்டுவிட்டார். இனிமேல் எழுதினால் நிஜமாகவே உனக்கு வரும் என்று அப்பாவிடம் கத்திச் சொன்னேன். வெகுநேரம் யோசித்து, அடித்து, தட்டினார். துடைப்பதற்குள் நான் படித்துவிட்டேன்: ‘நான் பரம சௌக்கியம். உன் அக்கா எதையாவது பெரிதுபடுத்தி எழுதினால் நம்பாதே. வேலையைக் கெடுத்துக்கொண்டு வரவேண்டாம்.’ இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அது உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும். நிஜமெல்லாம் null-க்குப் போய்விட்டது, தம்பி. உன் கைக்கு முதலில் கிடைத்தது இந்தப் பொய்தான். கிளம்பு.