சொந்த விருப்பத்தின் பேரில்

எனக்கு வாய் அதிகம் என்று சொல்பவர்கள் யாரும் என்னை ஓர் அதிகாரியின் அறைக்குள் பார்த்ததில்லை. வாசல்வரை நான் புலி. உள்ளே போய்விட்டால், ‘சரிங்க சார்’ என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது.

அப்போது நான் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். (‘படித்துக்கொண்டிருந்தேன்’ என்பது மரியாதைக்காக.) தேர்ச்சி விகிதத்தைப் பார்க்க ஏதோ குழு வரப்போகிறது என்று பேச்சு. உடனே எங்கள் டீனுக்கு அரியர் வைத்திருந்தவர்கள்மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ‘உனக்கு வேற காலேஜ்தான் செட் ஆகும்’ என்று அன்பாகச் சொல்லி, சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவதாகக் கடிதம் வாங்கினார். யாரையும் அவர் வெளியேற்றவில்லை. எங்கள் வகுப்பில் மூன்று பேர் ‘அவர்களாகவே’ போயிருந்தார்கள்.

அடுத்து என் முறை. அப்பாவோடு வரச் சொன்னார்கள். (எங்கள் வீட்டில் அவர் நைனா.)

நான் சளைக்கவில்லை. மாணவர் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். (அந்தப் படிப்பில் நான் முழுதாகப் படித்த ஒரே புத்தகம்.) அரியரைத் திரும்ப எழுதலாம் என்றுதான் இருந்தது, அரியர் வைத்தால் வெளியே போக வேண்டும் என்று எங்குமே இல்லை. மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டேன். திருத்தணியிலிருந்து பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் நைனாவுக்குச் சட்டம் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பொதட்டூர்பேட்டையில் இருபத்தைந்து வருடம் விசைத்தறி ஓட்டியதில் அவருக்குப் பாதிக் காது போய்விட்டது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சொற்பொழிவாளருக்குத் தலை ஆடினால் போதாதா?

டீன் அறையில் ஏசி பழுது. கதவு திறந்தே இருந்தது. வெளியே புதிதாகச் சேர வந்த பிள்ளைகளும் பெற்றோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

டீன் மெல்லிய குரலில், “பொண்ணோட நல்லதுக்குத்தான் சொல்றேன். அவளே விலகிக்கிட்டா டி.சி.யில ஒரு குறையும் வராது” என்று சொல்லி, ஒரு வெள்ளைத் தாளையும் மாதிரிக் கடிதத்தையும் என் பக்கம் தள்ளினார்.

பையில் கையேடு. அதில் மஞ்சள் கோடு. சட்டம் மொத்தமும் என் பக்கம். நான் சொன்னேன்: “சரிங்க சார்.”

பேனாகூட என்னுடையதுதான். பாதி எழுதிவிட்டு, “‘வாலன்டரிலி’க்கு எத்தனை ‘எல்’ சார்?” என்று வேறு கேட்டேன்.

“ரெண்டும்மா” என்றார், கனிவாக.

“இன்னாம்மா எழுதிகினு இருக்கே?” என்றார் நைனா. அவருடைய குரல் தறிச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். “சார், எனுக்குக் காது மந்தங்க. சத்தமா சொல்லுங்க.”

டீன் வராந்தாவை ஒருமுறை பார்த்துவிட்டு, “காலேஜை விட்டு விலகிக்கச் சொல்றேன்” என்றார்.

“காலேஜை வுட்டுப் போவணுமா? ஏங்க?”

வராந்தாவில் பேச்சு நின்றது.

“ஆறு அரியருங்க” என்றார் டீன், குரலைக் கொஞ்சம் உயர்த்தி.

“ஆறா!” என்று நைனா என் பக்கம் திரும்பினார். “ஒண்ணுன்னுதானே வூட்ல சொன்னே?”

வாசலில் தலைகள் எட்டிப் பார்த்தன. அந்த நிமிடம், அந்தக் கடிதத்தில் உண்மையிலேயே சொந்த விருப்பத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

“இவளை வூட்ல வெச்சிப் பேசிக்கறேங்க” என்றார் நைனா. “நீங்க சொல்றது எனுக்குச் சரியா கேக்கல. ஆறு பேப்பர் போச்சு, அதனால அனுப்பறோம்னு ஒரு தாள்ல எழுதி, சீலு வெச்சிக் குடுங்க. படிச்சிப் பாத்துக்கறேன்.”

“அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதுங்க.”

“ஆங்?”

“எழுத முடியாதுங்க!” அன்று டீன் முதன்முறையாகக் கத்தினார்.

“நீங்களே எழுத முடியாததை இவ ஏங்க எழுதணும்?”

நைனா வாதாடவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அத்தனை பக்கம் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

அதற்குள் விண்ணப்பத்தோடு ஓர் அம்மா உள்ளேயே வந்துவிட்டார். “சார், பேப்பர் போனா இங்க அனுப்பிடுவாங்களா? எம்பையன் கணக்குல கொஞ்சம் வீக்கு.”

டீன் எழுந்து நின்று, வராந்தா முழுக்கக் கேட்கும்படி, “இல்லம்மா, யாரையும் அனுப்ப மாட்டோம்!” என்றார்.

நைனாவுக்கே அது தெளிவாகக் கேட்டது. “அப்போ நாங்க கெளம்பறோங்க” என்று என் அரைக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் திருத்தணிவரை திட்டினார். எனக்கு எந்தெந்தப் பேப்பர் போயிருக்கிறது என்று பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. கண்டக்டர் அறிவுரையே சொன்னார். அதன்பிறகு கல்லூரியில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. விஷயம் தெரிந்து, நின்றுபோன மூவரில் ஒருத்தி அப்பாவோடு வந்து தன் கடிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்ற இருவரும் வரவே இல்லை. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும்.

ஆறையும் எழுதி முடித்து டிகிரி வாங்கினேன். ஆனாலும் வீட்டில் என் வார்த்தைக்கு மதிப்பு திரும்பவில்லை. “ஒரு தோசை போதும்” என்றால் அம்மா ஆறு ஊற்றுகிறார். பெண் பார்க்க வந்தவர்களிடம் நைனா ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தெருவே கேட்டது.

அன்று மாலை மாப்பிள்ளையிடமிருந்து முதல் மெசேஜ் வந்தது: ‘அரியர் எல்லாம் முடிஞ்சுதா, இன்னும் பாக்கி இருக்கா?’

‘ஒண்ணே ஒண்ணுதான்’ என்று பதில் போட்டேன். அப்படியும் கட்டிக்கொண்டார்.