நிகழ்ச்சி நிரல், இலக்கம் இரண்டு

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டப் பாடசாலைகளில் சங்கீதம் கற்பிக்கப்படுகிறது. இது அரசாங்கப் பதிவேடுகளில் உள்ள உண்மை. கற்பிக்கிற ஐந்து பேரை அதே பதிவேடுகளில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். தொண்டு என்றால் முழுநாள் வேலை, அரைச் சம்பளம் என்று மேலிடம் கண்டுபிடித்து வைத்திருந்தது.

ஐவரில் வாய் நீளம் புஷ்பம் டீச்சருக்கு. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற குடும்பம். கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிற பழக்கம் அந்த வீட்டில் எல்லாருக்கும் இருந்தது, இவளுக்கு மட்டும் இல்லை. அவளுடைய வகுப்பு நடந்தது ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட பழைய கொட்டகையில். பிள்ளைகள் 'ச' என்று வாயைத் திறந்தால் கூரைக் கரி உதிரும். 'ப' வருமுன்னே இருமல் வந்துவிடும்.

ஐவரும் சங்கம் அமைத்தார்கள். நிரந்தர நியமனம், முழுச் சம்பளம், பிள்ளைகள் இருமாமல் பாட ஓர் அறை. கோரிக்கையோடு உதவிப் பணிப்பாளர் தருமலிங்கத்திடம் போனார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் உடனே சுற்றறிக்கைக் கோப்பைத் திறப்பார், திறந்ததை மூடமாட்டார்.

"பிள்ளை, நீங்கள் சொல்லுறது நியாயம்தான். ஆனா சங்கீதத்தாலை பரீட்சைப் பெறுபேறு கூடினதாக் கோப்பிலை இல்லை. அதாலை அரைவாசிதான் தரலாம்."

"சார், எங்கம்மா வெட்டுற பால் கிலோ கொறஞ்சா தோட்டத்துல அரைப்பேர் போடுவாங்க, அரைநாள் சம்பளம். நான் பாட்டுல எத்தனை கிலோ கொறச்சேன்?"

தருமலிங்கம் அதை நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஐவருக்கும் படிவம் வந்தது: நாளொன்றுக்குப் பாடப்பட்ட பாடல்களின் அளவு, மழையினால் ஏற்பட்ட இழப்பு.

புஷ்பம் படிவத்தைக் கிழித்தாள். வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டு வாரம் நடந்தும் யாருக்கும் தெரியவில்லை. சங்கீதப் பாடவேளையில் கணக்கு வாத்தியார் போய் உட்கார்ந்துகொண்டார். பாடசாலை இப்போதுதான் அமைதியாக இருக்கிறது என்று அதிபர் மெச்சினார். திரும்பிப் போய்விடலாமா என்று சங்கப் பொருளாளர் சுமன் மெல்லக் கேட்டான்.

புஷ்பம் விடவில்லை. சங்கீதம் யாருக்கு அவசரம் என்று யோசித்தாள். பிள்ளைகளுக்கு வேண்டும், ஆனால் பிள்ளைகள் கோப்பில் கையெழுத்துப் போடுவதில்லை. போடுகிறவர்கள் வரும்போது நிகழ்ச்சி நிரல் ஒன்று வரும். இலக்கம் ஒன்று, வாசலில் மாலை. இலக்கம் இரண்டு, வரவேற்புப் பாடல். இலக்கம் மூன்று, பிரதம விருந்தினர் உள்ளே அழைத்துவரப்படல்.

வகுப்பில் பாடுவோம், வாசலில் பாடமாட்டோம் என்று சங்கம் தீர்மானித்தது.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து மேலதிகப் பணிப்பாளர், புஷ்பத்தின் பாடசாலையில் புதிய கழிவறையைத் திறந்துவைக்க வந்தார். வாசலில் மாலை விழுந்தது. பாட்டு விழவில்லை. நிகழ்ச்சி நிரலில் அவருடைய கையெழுத்தே இருந்ததால் இரண்டைத் தாண்டி மூன்றுக்குப் போக அவராலும் முடியவில்லை. வெயிலுக்கு ஒரு செவ்விளநீர் கொடுத்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொன்று. மூன்றாவதைக் குடித்தபின் அவர் கால் மாற்றி மாற்றி நிற்கத் தொடங்கினார். கழிவறை உள்ளே இருந்தது. அது இலக்கம் நான்கு.

தருமலிங்கம் ஓடிவந்தார். "பிள்ளை, ஒரே ஒரு பாட்டு."

"அரைச் சம்பளத்துக்கு அரைப் பாட்டுதான் வரும் சார். பெரிய ஐயா பாதி வாசல் வரைக்கும் வரட்டும்."

"அப்ப கைபேசியிலை ஒண்டைப் போடுவமே?"

"பாடசாலைக்குள்ள போன் கூடாதுன்னு நீங்கதானே அனுப்புனீங்க?"

தருமலிங்கம் கோப்பைத் திறந்து பார்த்தார். அனுப்பியிருந்தார்.

மேலதிகப் பணிப்பாளர் வாகனத்தின் முன்மூடியில் வைத்தே எழுதினார். சங்கீத ஆசிரியர் பதவிக்குச் சுற்றறிக்கையில் இடமில்லாததாலும், வரவேற்பு அத்தியாவசிய சேவையாக இருப்பதாலும், ஐவரும் 'வரவேற்பு இசை உத்தியோகத்தர்'களாக நியமிக்கப்பட்டார்கள். முழுச் சம்பளம். மின்விசிறியோடு ஓர் அறை. எந்நேரமும் ஆயத்தமாக இருக்கவேண்டியிருப்பதால் வகுப்பெடுத்தல் ஆகாது.

புஷ்பம் கடைசி வரியையும் படித்தாள். பேரம் படிந்த சூட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பிறகு பாடினாள். பல்லவி முடியுமுன் பிரதம விருந்தினர் உள்ளே ஓடினார். இவ்வளவு ஆர்வமுள்ள அதிகாரியைத் தாம் கண்டதில்லை என்று தருமலிங்கம் அறிக்கையில் குறித்தார்.

ஒரு வருடம் போனது. அதே பாடசாலையில் சங்கத்தின் வெற்றி விழா. ஐவரும் பிரதம விருந்தினர்கள். நிகழ்ச்சி நிரலில் தலைவி புஷ்பத்தின் கையெழுத்து. வாசலில் மாலை விழுந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், வாய் திறக்கவில்லை.

"பாடுங்கடி," என்றாள் புஷ்பம்.

முன்வரிசையில் நின்ற தர்மிளா தலையைச் சொறிந்தாள். "ஒரு வருசமா யாரும் சொல்லிக் குடுக்கலீங்க டீச்சர்."

கொட்டகையில் இப்போது இருமல் இல்லை. தங்களைத் தாங்களே வரவேற்றுப் பாட விருந்தினருக்கு விதியில் இடமில்லை. புஷ்பம் ஒரு காலை வாசலுக்குள் வைக்கப் பார்த்தாள். சுமன் நிகழ்ச்சி நிரலைக் காட்டினான். காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

யாரோ செவ்விளநீர் ஒன்றை வெட்டி நீட்டினார்கள்.