ஏழு அப்பன்மார் திறக்காத பெட்டகம்

மூன்றாவது முறையாகத் தட்டினான் உலார்பெக். மூன்றாவது முறையும் போன், உன்னை யாரென்றே தெரியாது என்றது.

கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் பாலர் பள்ளி இடம் கிடைப்பதைவிட அமைச்சர் பதவி சுலபம். மகள் பிறந்த வாரமே வரிசையில் பதிந்து, மூன்று வருடம் கழித்து இன்றுதான் முறை வந்திருக்கிறது. பகல் பன்னிரண்டுக்குள் இணையத்தில் உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்த குழந்தைக்கு.

அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு, எல்லாப் பாஸ்வேர்டுகளையும் பூட்டிவைக்கும் அவனுடைய பெட்டகச் செயலிக்குள் இருந்தது. போன், மடிக்கணினி, பெரியப்பா வீட்டில் கிடக்கும் பழைய டேப்லெட் வரை எல்லாவற்றிலும் ஒரே பெட்டகம்; ஒன்றில் போட்டால் மற்றவற்றிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு ஒரே தலைச்சாவி: அவனுடைய ஏழு தலைமுறை அப்பன்மார் பெயர்கள், வரிசையாக, இடைவெளி விடாமல்.

அலுவலகத்தில் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் அவன். "இதை உடைக்கத் திருடனுக்கு எண்ணூறு வருஷம் ஆகும்" என்று வீட்டில் பீற்றிக்கொண்டவன்.

"அஞ்சாவது பேர்ல தப்பு பண்றேனோ? பெகிமாய், நீ ஒருதரம் சொல்லேன்."

"உங்க வீட்டுப் பெரியவங்க பேரை மருமக வாயால சொல்றதா? ஆறு வருஷமா உங்கப்பாவையே 'வெள்ளைத்தாடி'ன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

மடிக்கணினியும் கைவிரித்தது. ஏழு பேரைச் சொல்லத் தெரியாதவனுக்கு இங்கே பெண் கொடுக்க மாட்டார்கள். கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்பார்கள். வேறு வழியில்லாமல் பெரியப்பா துர்குனாலிக்குப் போன் போட்டான்.

"பெரியப்பா, நம்ம ஏழு பேரையும் சொல்லுங்களேன். சும்மா, ஒரு படிவத்துக்கு."

மறுமுனையில் தேநீர்க் கிண்ணம் 'டொக்'கென்று கீழே இறங்கியது.

"மறந்துட்டியா?"

"சேச்சே. சரிபார்க்கத்தான்."

பெரியப்பா ஒப்பித்தார். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"அதையேதான் போட்டேன். ஏத்துக்க மாட்டேங்குது பெரியப்பா."

"எது ஏத்துக்கல? போதோபாய் என் தாத்தா இல்லைன்னு ஒரு கம்ப்யூட்டர் சொல்லுதா? இரு, வர்றேன்."

அது பாஸ்வேர்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் வெளியே சொல்லாதீர்கள் என்று வாரம் இரண்டு வகுப்பு எடுக்கிற வாய் எப்படித் திறக்கும்?

முக்கால் மணியில் நான்கு காரில் வம்சமே வந்து இறங்கியது. பதினான்கு பெரியவர்கள், ஒரு அண்டா ஆட்டுக்கறி, மூட்டை நிறைய போர்சோக் என்ற பொரித்த மாவு உருண்டை. வாசலில் குவிந்த செருப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கவில்லை.

"அரசாங்கம் நம்ம பரம்பரையை ஒத்துக்கலையாம்" என்று ஆரம்பித்தார் பெரியப்பா.

"ஒத்துக்காதுதான்" என்றார் சித்தப்பா அசான்குல், எலும்பைக் கடித்தபடி. "ஏழு பேர்ல ஜுமாஷ் தத்துப்பிள்ளை. அவரைத் தூக்கு."

"உன்னைத் தூக்குவேன்."

"தூக்கு பார்க்கலாம். கறி வேகலைன்னாகூட யாரையாவது தூக்குவேன்னுதானே சொல்லுவே."

ஒவ்வொரு புதுப் பட்டியலையும் உலார்பெக் குளியலறைக்குள் ஓடிப்போய்த் தட்டினான். ஜுமாஷ் நீக்கப்பட்டார், மன்னிக்கப்பட்டார், மறுபடி நீக்கப்பட்டார். ஏழாமவர் எல்லை தாண்டி வந்த குதிரைத் திருடர் என்று தீர்மானமானது. நாற்பது வருடம் ஒட்டிப் பிறந்தவர்கள்போல இருந்த இரண்டு கிழவர்கள் எதிரெதிர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பதினோராவது முயற்சியில் போன் சலித்துப்போய், 'பத்து நிமிடம் பொறு. இனி ஒரே ஒரு வாய்ப்பு' என்றது.

அந்தப் பத்து நிமிடமும் ஓடிவிட்டது. மணி பதினொன்று ஐம்பத்து மூன்று.

பெகிமாய் கரண்டியை அண்டாவுக்குள் போட்டாள்.

"படிவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இவர் பாஸ்வேர்டு பெட்டகத்துக்கு உங்க ஏழு பேரையும்தான் சாவியா வெச்சிருக்கார். அது திறக்கல. இன்னும் ஏழு நிமிஷத்துல என் பொண்ணுக்கு இடம் போயிடும்."

உலார்பெக் தரையைப் பார்த்தான். எண்ணூறு வருட ரகசியம் கறி வாசனையோடு அறை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

மூலையில் போர்சோக்கை ஜாமில் தோய்த்துக்கொண்டிருந்த சாயிரா அத்தை விரலை நக்கிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"அட, அந்தப் பெட்டகமா? ரெண்டு வருஷமா பெரியப்பா வீட்டுப் பழைய டேப்லெட்ல நம்ம நாப்பது பேரும் அதைத் திறந்துதானே படம் பார்க்கிறோம். சொந்தக்காரன் அத்தனை பேருக்கும் தெரிஞ்ச பேரு, பாதுகாப்பே இல்லைன்னு நேத்துதான்டா நாங்களே மாத்தினோம்."