என் கேட்டின் முன்னால் வைக்கப்படும் பூக்கள் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலத்தை நீங்கள் விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் பத்திரிகையே என்னை ஒரு நாள் கண்ணீரில் மூழ்கடித்து, மறுவாரம் திருடியாகவும் ஆக்கிவிட்டதால், என் நலம் ஊரறிந்த விஷயம். கடிதத்தில் முதலில் நலம் விசாரிக்க வேண்டும், பிறகு காரணத்தைச் சொல்ல வேண்டும், மூன்றாவது பத்திக்கு முன்னால் கோபத்தைக் காட்டக் கூடாது என்று கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்வார். மூன்றாவது பத்தி வரை பொறுத்துக்கொள்கிறேன்.

காரணம் இதுதான். தையல் கம்பெனியில் தீப்பிடித்து அத்தனை பெண்கள் இறந்துபோனது என் வீட்டுக்குப் பின்தெருவில். என் கேட் இருப்பது முன்தெருவில். கம்பெனியின் பக்கச் சுவரும் என் கொல்லைச் சுவரும் ஒட்டியவை. அன்று புகை வந்தபோது நானும், வீட்டு வேலைக்கு வருகிறவளும் (ஒருமுறை பேச ஆரம்பித்தால் அணைக்க முடியாது என்பதால் அவளை நான் ரேடியோ என்று கூப்பிடுகிறேன்) வீட்டில் இருந்த துண்டுகளையெல்லாம் நனைத்துச் சுவருக்கு மேலே நீட்டினோம். அந்தப் பக்கத்திலிருந்து கைகள் வந்து வாங்கிக்கொண்டன. பிறகு கைகள் வரவில்லை. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. துண்டுகளையும் நான் திருப்பிக் கேட்கவில்லை. சொல்ல வந்தது, தீ பின்தெருவில், கேட் முன்தெருவில். இதை ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும், கண் திறந்து பார்த்தால்.

மூன்றாவது பத்தி வந்துவிட்டது. அன்று சாயங்காலம் மைக்கோடு ஒரு பெண்ணும் கேமராவோடு ஒரு பையனும் என் படியில் ஏறி நின்றார்கள், செருப்போடு. "ஆன்ட்டி, பின்னாடி தெருவுல வெளிச்சமே இல்ல, குப்பைத்தொட்டி வேற குறுக்க நிக்குது. உங்க கேட் நல்லா ப்ளூவா, கொடியெல்லாம் படர்ந்து அழகா இருக்கு. ஒரு அஞ்சு நிமிஷம் இங்க நின்னு பேசிக்கிறேன்" என்றாள். என் பெற்றோருக்குத் தெரியாமல் எனக்கு இப்படி ஒரு அண்ணன் மகள் இருந்திருக்கிறாள். "எரிஞ்ச கட்டடம் அந்தப் பக்கம்தானேம்மா இருக்கு?" என்றேன். "அத காமிச்சாச்சு ஆன்ட்டி. அதுல கரிதான் தெரியுது, சோகம் தெரியல" என்றாள். அந்த கேட்டுக்கு நீலம் அடிக்க வேண்டும் என்று பெயின்ட் கடையில் ஒரு முழுக் காலைப்பொழுது நின்று சண்டை போட்டவர் காலஞ்சென்ற என் கணவர். அது சோகத்துக்குப் பொருத்தமான நிறம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு மைக்கை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இந்த நேரத்துல உங்க மனநிலை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "காலையிலேர்ந்து புகையில கண்ணு எரியுது, தயவுசெஞ்சு படியைவிட்டு இறங்கு" என்று சொன்னேன். சத்தத்தை எடுத்துவிட்டு, முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கீழே 'கண்ணீரில் மூதாட்டி' என்று ஓட விட்டார்கள். மறுநாள் உங்கள் முதல் பக்கத்திலும் அதே முகம், அதே சொல். வெளியூரிலிருந்து என் தங்கை போன் செய்தாள். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். "என்னக்கா, தலையக்கூட வாராமலா டி.வி.ல நின்ன? எங்க வீட்டுக்காரங்க எல்லாரும் பாத்தாங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஊரே என் கேட்டுக்கு வர ஆரம்பித்தது. டி.வி.யில் பார்த்த இடம் இதுதானே! பூங்கொத்துகள், மெழுகுவர்த்திகள், பொம்மைகள். இறந்தவர்கள் எல்லாரும் காலர் தைக்கும் வயதுவந்த பெண்கள், அவர்களுக்குக் கரடிப் பொம்மை எதற்கு என்று நான் கேட்கவில்லை. வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். மெழுகு உருகி, நான் பிரஷ் போட்டுத் தேய்த்து வைத்திருந்த படியெல்லாம் வழிந்தது. முனையில் செல்போன் கடை வைத்திருப்பவர் கேட்டின் உயரத்துக்கு ஒரு பேனர் கட்டினார். அதில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகூப்பிய அவர் படம் என் ஜன்னல் அளவுக்கும், இறந்தவர்களில் உங்கள் பத்திரிகை 'சிரிப்பழகி' என்று பெயர் வைத்த ஒரு பெண்ணின் படம் ஸ்டாம்பு அளவுக்கும் இருந்தன. இறந்தது இவர்தான் என்று எண்ணி ஒரு பெரியவர் அவருக்காகவே அழுதுவிட்டுப் போனார். ஒரு இளம் தம்பதி என் படியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டது. "கொஞ்சம் சோகமா இரு" என்றான் அவன். அவள் இருந்தாள். "ஐயோ, அவ்வளவு வேணாம், வயித்துவலி மாதிரி இருக்கு" என்றான்.

நான் கொடியவள் அல்ல, ஆசிரியரே. ஒரு மதியம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், வெறுங்கையோடு வந்து என் படியில் உட்கார்ந்து, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். காயம்பட்டு வந்தவர்களைப் பார்த்துக்கொண்டவள் போலிருக்கிறது. நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். ஆகவே அவர்கள் அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அழுகை சரி. விலாசம்தான் தப்பு.

தப்பு என்று தெரிந்தால் திருத்த வேண்டும் என்பது என் சுபாவம். பின்தெருவில் ஒரு பூ இல்லை, போலீஸ் ரிப்பன் மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. எனவே நானும் ரேடியோவும் பூக்களை எல்லாம் சேர்த்து, கடைசிக் காலத்தில் என் கணவர் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியில் அடுக்கி, தெருவைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனோம். "அம்மா, ஐயாவே உக்காந்து வர்ற மாதிரி இருக்கும்மா" என்றாள் ரேடியோ. "பேசாம தள்ளு" என்றேன். வழியில் ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். நல்ல காரியத்தைப் படம் பிடிக்கிறார் என்று நான் தலையை வாரிக்கொள்ளக்கூட நின்றேன், தங்கையை நினைத்து. மறுநாள் காலை உங்கள் மூன்றாம் பக்கத்தில் 'அஞ்சலி மலர்களைத் திருடும் மூதாட்டி.' தலை நன்றாக வாரியிருந்தது.

அதைவிடக் கொடுமை, பின்தெருவில் நாங்கள் வைத்த பூக்களை விடிந்ததும் துப்புரவு வண்டி அள்ளிக்கொண்டு போயிருந்தது. மேஸ்திரியைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "தெருவ சுத்தமா வெக்கச் சொல்லி உத்தரவுங்க மேடம். அமைச்சர் அஞ்சலி செலுத்த வர்றாரு." "எங்க வர்றாரு?" "உங்க கேட்டுக்குத்தான்." அதாவது இறந்த இடத்தில் இருந்தால் குப்பை, என் கேட்டில் இருந்தால் அஞ்சலி. அமைச்சர் வந்தார். மாலையை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு என் தபால் பெட்டியில் மாட்டினார். அதிலிருந்து உங்கள் பத்திரிகையை எடுக்க நான் இரண்டு நாள் அந்தப் பூமாலைக்கு நடுவே கையை நுழைக்க வேண்டியிருந்தது.

இனி எழுதப்போவதுதான் முக்கியம், இதற்கு முன்னால் உள்ளதை வேகமாகப் படித்திருந்தால் இதையாவது நிதானமாகப் படிக்கவும். தினமும் சாயங்காலம் பஸ் டிரைவர் சீருடையில் ஒருவர் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பூ கொண்டுவர மாட்டார், படம் எடுக்க மாட்டார். "கேட்ல சாயாதீங்க, பெயின்ட் போயிடும்" என்று ஜன்னலிலிருந்து சத்தம் போட்டேன். "மன்னிச்சுக்குங்கம்மா" என்று நேராக நின்றுகொண்டார். நேராக நிற்பவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. ரேடியோதான் போய் விசாரித்துவிட்டு வந்தாள்; வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, அவரு பொண்ணு அங்கதாம்மா வேலை பாத்துச்சு" என்றாள்.

சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் கேட்டுக்கு உட்புறம் போட்டேன். உட்காரமாட்டேன் என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன், வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். "சம்பவம் நடந்தது பின்தெருவுலங்க, உங்களுக்குத் தெரியும்தானே?" என்றேன். "தெரியும்மா. அங்க போனேன். 'நிக்காத, நட'ன்னு போலீஸ்காரர் சொல்லிட்டாரு. அவரு வேல அவருக்கு. இங்க எல்லாரும் நிக்கிறாங்க, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்றார். பிறகு பூக்குவியலைப் பார்த்துக்கொண்டே, "இதுல எம்பொண்ணுக்குன்னு எதும்மா?" என்று கேட்டார். ஆசிரியரே, நான் குனிந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எல்லாம் சிரிப்பழகிக்கு. அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, பாவம், கல்யாண வீட்டில் எடுத்த படத்தில் அழகாகச் சிரித்துவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் மற்றவர்கள்?

நீங்கள் இறந்தவர்களின் படங்களை ஒரு முழுப் பக்கம் போட்டீர்கள். அதில் ஒரு கட்டத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் தலையும் தோளுமாக ஒரு நிழல், கீழே 'படம் கிடைக்கவில்லை.' அந்த நிழல்தான் இவர் மகள். படம் கிடைக்கவில்லை என்பது உண்மையல்ல. அவரே நேரில் கொண்டுவந்து உங்கள் வரவேற்பில் கொடுத்தார். கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படம், அதில் அவள் கண் மூடியிருக்கிறது. "எப்ப எடுத்தாலும் மூடிக்கும்மா. ஒன் டூ த்ரீ சொன்னா த்ரீக்கு கரெக்டா மூடும். அவங்கம்மா திட்டுவா, இது சிரிக்கும், மறுபடி எடுத்தா மறுபடி மூடும்" என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையால் வாயை மூடிக்கொண்டார். நான் தோட்டத்தைப் பார்த்தேன்.

உங்கள் அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். யாரோ ஒரு தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "கண்ணு மூடியிருக்கும்மா. காலைல பேப்பரப் பிரிக்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். கண்ணு தொறந்த படம் இருந்தா குடுங்க, போட்டுரலாம்" என்றார். இறந்துபோனவர்களின் பக்கத்தில் கண் மூடியிருப்பதுதானா தம்பி உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டேன். லைனில் இருக்கச் சொன்னார், பாட்டு வந்தது.

சரி, கண்ணைத் திறந்தே தருவோம் என்று டிரைவரைக் கூட்டிக்கொண்டு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். இது என் யோசனைதான். ஸ்டூடியோக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷ வேல மேடம். நம்மகிட்ட நிறைய கண்ணு இருக்கு. பெருசா வேணுமா, நார்மலா போதுமா?" என்றார். சட்டைக்குப் பொத்தான் காட்டுவதுபோல வரிசையாகக் காட்டினார். டிரைவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. கடைசியில், "வேணாங்க. அது எம்பொண்ணு பாக்குற மாதிரி இல்ல. வேற யாரோ பாக்குறாங்க" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இருக்கிறபடியே இன்னொரு பிரதி போட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்தப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் அவள் பெயரும், காலர் தைப்பதில் அந்தக் கம்பெனியிலேயே அவள்தான் வேகம் என்று அவளுடைய அப்பா சொன்னதும் என் கையெழுத்தில் இருக்கின்றன. அந்த நிழல் இருந்த அதே அளவில், அதே பக்கத்தில் போடவும். 'படம் கிடைக்கவில்லை' என்பதை 'படம் கிடைத்தது, எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்று திருத்தி வருத்தமும் தெரிவிக்கவும். கூடவே, தீ விபத்து நடந்த இடம் பின்தெருதான், நீல கேட் அல்ல என்றும், அங்கே பூ வைப்பவர்கள் தயவுசெய்து பின்தெருவுக்குப் போகவும் என்றும் கொட்டை எழுத்தில் அறிவிக்கவும். நான் பூத்திருடி அல்ல என்பதையும் சேர்த்துவிட்டால் என் தங்கைக்கு ஆறுதலாக இருக்கும்.

உங்கள் பத்திரிகை வளரவும், உங்கள் வீட்டில் எல்லாரும் நல்லபடியாக இருக்கவும், உங்களைத் தேடிக்கொண்டு எந்தக் கேமராவும் உங்கள் படியேறாமல் இருக்கவும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நீல கேட் வீட்டு அம்மாள்
(மூதாட்டி அல்ல)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரேடியோ வந்தாள். ஏதோ ஊரில் பாலம் விழுந்துவிட்டதாம், எல்லாச் சானலும் அங்கே போய்விட்டதாம். வெளியே போய்ப் பார்த்தேன். காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. காய்ந்த பூக்களைத் துப்புரவு வண்டி எடுத்துவிட்டது, பேனரைச் செல்போன் கடைக்காரர் சுருட்டிக்கொண்டு போய்விட்டார், பாலத்துக்குத் தேவைப்படும்போல. படி சுத்தமாக இருக்கிறது. நான் கேட்டது இதைத்தான். ஆனால் டிரைவர் டூட்டி முடிந்து சாயங்காலம் வருவார். வெறும் கேட்டின் முன்னால் ஒருவர் நின்றால் யாராவது வந்து "நிக்காத, நட" என்பார்கள். ஆகவே விலாசத்தைத் திருத்த வேண்டாம். மேலே எழுதியதில் படத்தைப் பற்றியது தவிர மற்றதெல்லாம் விட்டுவிடவும்; என்னைத் திருடி என்றே வைத்துக்கொள்ளுங்கள், தங்கையை நான் சமாளித்துக்கொள்கிறேன். இப்போது கேட்டின் முன்னால் இருக்கும் பூக்கள் நான் வாங்கி வைத்தவை. அட்டையில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. மெழுகுவர்த்தியும் ஒன்று ஏற்றியிருக்கிறேன், அடியில் சாஸர் வைத்து. அதையாவது உங்கள் வாசகர்கள் கற்றுக்கொள்ளலாம்.