ஒன்பதரை மார்க் வாங்கிய வட்டம்

ஒரு காலத்தில் நான், ஆடிப் பார்க்காத வீடியோ கேம்களுக்கு மார்க் போட்டுப் பெயர் வாங்கியவள். இதை இத்தனை வருடம் கழித்துத் தைரியமாகச் சொல்ல முடிகிறது. அப்போது சொல்லியிருந்தால் சித்தப்பாவின் மானம் தப்பித்திருக்கும்.

போர்ட் பிளேருக்குக் கடலடிக் கேபிள் வராத காலம் அது. இணையத்தில் ஒரு போட்டோ திறப்பதற்குள் சோறு வெந்துவிடும். கேம் எல்லாம் மெயின்லேண்டிலிருந்து டிஸ்காகத்தான் வரவேண்டும். யாராவது சென்னை போனால் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவரச் சொல்வோம். வந்தது நன்றாக இல்லாவிட்டால் அடுத்த ஆள் கப்பலேறும்வரை அதையே கட்டி அழவேண்டும். அதனால் புதிதாக வந்திருப்பதில் எது தேறும், எது தேறாது என்று முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் அந்த நாற்காலியில் நானாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

தொழில் ரகசியம் இதுதான். படம் திறக்காது என்றாலும் எழுத்து மட்டும் எப்படியோ திறக்கும். வெளியூர்க்காரர்கள் எழுதிய நாலு விமர்சனங்களைப் படித்து, அவர்கள் போட்ட மார்க்கைக் கூட்டி நாலால் வகுத்து, நண்பர்கள் குழுவில் தீர்ப்பு எழுதுவேன். "காட்சிகள் அபாரம், இரண்டாம் பாதியில் சற்றே தொய்வு." (எந்த கேமுக்கும் பொருந்தும், வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்.) எங்கள் வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் மட்டும்தான் ஓடும் என்பது குழுவில் யாருக்கும் தெரியாது.

இந்த நிலையில்தான் சித்தப்பா எங்கள் ஊர் பத்துபஸ்திப் பகுதியில் ஒரு அறையைப் பிடித்து கேம் சென்டர் தொடங்கப் போவதாக அறிவித்தார். கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தவர், அந்த வேலையையே விட்டுவிட்டார். சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு அவருக்கு இன்னும் மாறவில்லை.

"ஏத்தா, புதுசு புதுசா கேம் வருதாமே. தொறப்பு விழாவுக்கு எதைப் போடலாம்? நீ சொன்னா சரி."

வீட்டில் ஒரு பெரியவர் என் அறிவை மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைகால் புரியவில்லை. அந்த மாதம் வெளிவந்திருந்த கார் ரேஸ் ஒன்றுக்கு நாலு விமர்சகர்களும் மார்க்கை அள்ளிக் கொடுத்திருந்தார்கள். "பத்துக்கு ஒன்பதரை சித்தப்பா. நாலு பேர் சேர்ந்து ஆடலாம். கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றேன்.

டிஸ்க் கப்பலில் வந்து சேர்ந்தது. உடனே போட்டுப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நல்ல நேரத்துக்கு முன்னால் உறையைப் பிரிக்கக் கூடாது என்று சித்தி சொல்லிவிட்டார். டிஸ்க் மூன்று நாள் சாமிப் படத்தின் முன்னால் மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது.

விழாவன்று காலை தெருவே வந்திருந்தது. டிவிக்குச் சந்தனப் பொட்டு, நாலு கன்ட்ரோலருக்கும் அடியில் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். சிறப்பு விருந்தினராக, சித்தப்பாவின் நண்பர் மண்டல்தா எதிர்க்கரை பம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரி பிடித்து சாத்தம் படகுத்துறையில் இறங்கி வந்திருந்தார். கப்பல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற வங்காளி; 'தா' என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். சித்தி கற்பூரம் காட்ட, சித்தப்பா உறையைப் பிரித்து டிஸ்கைப் போட்டார்.

திரையில் ஒரு வெள்ளை வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது. கீழே ஆங்கிலத்தில், சர்வரோடு இணைகிறது என்று ஒரு வரி.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். இந்த கேம் ஓட இணையம் விடாமல் இருக்கவேண்டும். அதை அந்த நாலு விமர்சகர்களில் ஒருவர்கூட எழுதவில்லை. அவர்கள் ஊரில் இணையம் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர், அதைப் போய் யார் எழுதுவார்கள்?

மண்டல்தா கன்ட்ரோலரைக் கையில் வாங்கி ஒரு பட்டனை அழுத்தினார். வட்டம் சுற்றியது. இன்னொன்றை அழுத்தினார். சுற்றியது. தான்தான் அதைச் சுற்றவைக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டார். "ஹோ ரஹா ஹை! படியா கேம் ஹை!" ஓடுது, அருமையான கேம் என்று ஹிந்தியில் கூவியபடி உட்கார்ந்த இடத்திலேயே வளைந்து வளைந்து ஓட்டினார். மற்ற மூன்று கன்ட்ரோலர்களுக்கும் வரிசை கட்டினார்கள்.

நான் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து வட்டம் நின்றது. ஓர் அப்டேட்டை இறக்கினால்தான் மேலே போகலாம் என்று திரை சொன்னது. அது இறங்கி முடிக்க எங்கள் வேகத்துக்கு அடுத்த மழைக்காலம் ஆகிவிடும்.

சித்தப்பா மெதுவாக என் பக்கத்தில் வந்தார். "நீ ஆடுனப்ப எப்பிடித்தா ஓடுச்சு?"

"நான் ஆடவே இல்ல சித்தப்பா. எல்லாம் படிச்சதுதான்."

அவர் என்னை அடித்திருந்தால் தேவலை. ஆனால் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"சர்வர் மெயின்லேண்ட் மே ஹை. ஜஹாஸ் ஸே ஆ ரஹா ஹை."

சர்வர் மெயின்லேண்டில் இருக்கிறது, கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. வெங்காயத்திலிருந்து சிமென்ட் வரை எல்லாம் கப்பலில்தானே வருகிறது! "கடல் கொந்தளிப்பா இருக்கும், லேட் ஆகும்" என்று ஹிந்தியில் ஆறுதல் சொன்னார் மண்டல்தா. லட்டு வாங்கிக்கொண்டு கலைந்து போனார்கள்.

மறுநாளிலிருந்து எனக்குத் தண்டனை. இணையம் கேட்காத பழைய கேம்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் நான் கடைசிவரை ஆடி முடித்த பிறகே சித்தப்பா கடையில் வைப்பார். கட்டைவிரல் காய்த்துப்போனது. ஆனால் கடைச் சுவரில் மாட்டிய பலகையில் நான் எழுதிப்போட்ட மார்க்தான் என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் நேர்மையான மார்க். அந்த அறையின் ஈரச் சுவர் வாடையையும், தோற்றுப்போகும் போதெல்லாம் சித்தி நீட்டிய டீயையும் நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்றும் யார் தாமதமாக வந்தாலும், "என்ன, சர்வர் வந்துருச்சா?" என்றுதான் வரவேற்பு.

கேபிள் வந்து இணையம் பறக்க ஆரம்பித்ததும், சித்தப்பா பீரோவிலிருந்து அந்த டிஸ்கை எடுத்து வந்தார். குங்குமக் கறை அப்படியே இருந்தது. இரண்டு பேரும் கன்ட்ரோலரோடு உட்கார்ந்தோம். வட்டம் இரண்டே சுற்றுதான் சுற்றியது. இந்த விளையாட்டின் சர்வர்கள் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டன என்று திரையில் எழுத்து வந்தது. நான் அதைத் தமிழில் படித்துச் சொன்னேன்.

சித்தப்பா கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"கப்பல் முங்கிருச்சு போலத்தா."