நம்ம பக்கம் எல்லாம் ஓகே

கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் குறுக்கே நிற்கும் ஜீவன் ஒன்று உண்டு. தோளில் மூன்று வயர், வாயில் ஒரு டேப் துண்டு, கையில் எரியாத டோர்ச். அவர்தான் கல்யாணத்தை இணையத்தில் நேரடியாகக் காட்டும் ‘லைவ்’காரர். கோளாறு என்று யாராவது வாயைத் திறந்தால், அது என்ன கோளாறு என்று கேட்கும் முன்பே அவரிடம் பதில் தயாராக இருக்கும்: “நம்ம பக்கம் எல்லாம் ஓகே.”

மாத்தளைப் பக்கத்தில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண விரும்புவோர் ஜெயக்காந்தனைப் பார்க்கலாம்.

போன ஆவணியில் லோகேஸ்வரிக்குக் கல்யாணம். மூன்று வாரத்துக்கு முன்தான் பெண்ணின் தாய் வேலம்மா குளிக்கப்போய் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, தோட்டத்து வீட்டில் கட்டிலோடு கிடந்தார். அவரைப் பராமரிக்க வந்த சுதர்சினி, ஜெயக்காந்தனின் லைவைப் பிடிக்கக் கையில் போனோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேலம்மாவுக்குச் சீனி வியாதியில் கண்ணும் மங்கிவிட்டது. படம் எத்தனை பளிச்சென்று வந்தாலும் அவருக்கு அது வெறும் வெளிச்சம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அடிக்கிற கெட்டிமேளத்தைக் காதால் கேட்க வேண்டும். முகூர்த்தம் பத்தேகாலுக்குள்.

ஒன்பதே முக்காலுக்குப் படம் வந்தது. ஐயர் வாயசைத்தார். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பவைத்தார். சத்தம் மட்டும் இல்லை.

சுதர்சினி தன் போனில் வேறொரு பாட்டைப் போட்டுப் பார்த்தாள். கேட்டது. உடனே ஜெயக்காந்தனை அழைத்தாள்.

“அண்ணே, லைவ்ல சத்தம் வரல்லங்க.”

“இங்க காதே கிழியுது தங்கச்சி!”

“நீங்க மேளத்துக்குப் பக்கத்துல நிக்கிறீங்க. ஹெட்போன மாட்டிக் கேட்டுப் பாருங்கண்ணே.”

“எதுக்கு? அதான் சும்மாவே கேக்குதே. நம்ம பக்கம் எல்லாம் ஓகே. ஒங்க தோட்டத்துலதான் சிக்னல் இல்ல.”

அத்தோடு விட்டாரா? வைத்தியம் தொடங்கியது. இணைய டொங்கிளைக் கழற்றி ஜன்னலில் வைத்தார், சிம்மை மாற்றினார், படத்தின் தரத்தைக் குறைத்தார், பிறகு கூட்டினார், மாப்பிள்ளையின் சித்தப்பா வைஃபையில் பாட்டுக் கேட்பதாகச் சொல்லி அவரை வெளியே அனுப்பினார், மண்டபக்காரரின் ரவுட்டரை அணைத்தார், அப்புறம் அதைப் போட்டவனைத் திட்டினார். காது வலி என்று வந்தவருக்குக் காலில் கட்டுப் போடுவது போல!

“என்னா புள்ள, தாலி கட்டிட்டாங்களா?” என்றார் வேலம்மா.

“இன்னும் இல்லக்கா.”

“மேளம் கேக்கலையே. ஒளிக்காம சொல்லு.”

“கட்டல்லக்கா. சத்தந்தான் வரல்ல.”

பத்து மணி கடந்து ஐந்து நிமிடம். படத்தையும் சத்தத்தையும் சேர்த்து இணையத்துக்கு அனுப்புகிற என்கோடர் பெட்டியை ஜெயக்காந்தன் இப்போது அணைத்து எழுப்பினார். இருந்த படமும் போய்த் திரை கறுத்தது. அவர் போனில் விளக்கம் சொல்லத் தொடங்கவும் சுதர்சினி அழைப்பை வெட்டிவிட்டு, முன்வரிசையில் இருந்த வேலம்மாவின் தம்பி மாடசாமியை அழைத்தாள்.

“மாமா, ஒண்ணும் பேசாம போன தவில் பக்கம் நீட்டிக்கிட்டு நில்லுங்க.”

“அதான் லைவ் போகுதே புள்ள?”

“நீட்டுங்க மாமா!”

நீட்டினார். அடுத்த நிமிடமே சின்னப் போனுக்குள் கெட்டிமேளம் இடித்தது. வேலம்மா கண்ணை மூடிக்கொண்டு, கடைசித் தட்டு வரைக்கும் கேட்டார். பிறகு, “தவில்காரன் கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்” என்றார். சுதர்சினி தலையணையைச் சரிசெய்துவிட்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

சாப்பாடு முடிந்து சாமான்களைக் கட்டும்போது ஜெயக்காந்தனின் காற்சட்டைப் பொக்கெட்டிலிருந்து ஒரு கறுப்பு வயர் வந்தது. ஒலிபெருக்கியிலிருந்து என்கோடருக்குச் சத்தத்தைக் கொண்டுபோகிற வயர். காலையில் சோதிக்கக் கழற்றி, பத்திரமாக வைத்தது. அதை நிதானமாகப் பார்த்தார். அழகாகச் சுருட்டினார். பையில் போட்டுவிட்டுச் சுதர்சினியை அழைத்தார்.

“அம்மா மேளம் கேட்டாங்களாம்ல? நான்தான் சொன்னேனே தங்கச்சி, நம்ம பக்கம் எல்லாம் ஓகேன்னு.”

சிரிக்கிறீர்களா? நல்லது. நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் குளிருது என்றபோது, “எனக்குக் குளிரல்லையே” என்று சொல்லி மின்விசிறியைக் கூட்டியவர் யார்? எதற்கும் உங்கள் பொக்கெட்டை ஒருமுறை தடவிப் பாருங்கள்.