குடிலைத் தொலைத்தவர்

மலைகளைக் காப்பாற்ற உலகில் எத்தனையோ துறைகள் இருக்கலாம். ஆனால் மலை இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காமல் ஒரு சிகரத்தைக் கட்டிக்காத்த பெருமை, சிகரங்கள் மற்றும் சரிவுகள் பராமரிப்புத் துறை ஒன்றையே சேரும். கால் படாத இடம் கெடாது என்ற பேருண்மையைக் கண்டறிந்து, அதை ஓர் ஊழியர்கூட மீறாமல் நடத்திக் காட்டிய துறை அது.

அதன் நான்காம் மாடியில், கோப்பு அலமாரிக்கும் ஒழுகும் ஏசிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார் தலைமை எழுத்தர். வயது ஐம்பத்திரண்டு. போன வருட அறிக்கையை எதிரில் வைத்து, தேதியை மாற்றி, மற்றக் கட்டங்களில் எல்லாம் 'மேற்படி', 'மேற்படி' என்று நிரப்புவதில் அவருக்கு இணை கிடையாது. அதனால் அவருக்கு மேற்படி என்றே பெயர் நிலைத்துவிட்டது. லிஃப்ட் ஓடாத அன்று அவர் விடுப்பு எடுப்பார். மேல்படி ஏறாத மேற்படி என்று இளையவர்கள் கேலி செய்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபத்துக்கென்று படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.

அவர் பொறுப்பில் இருந்தவற்றுள் தலையாயது பெரிய சிகரத்தின் அடைக்கலக் குடில். உச்சிக்குச் சற்றுக் கீழே, புயலில் மாட்டிக்கொள்ளும் மலையேறிகளுக்காகத் துறை அமைத்தது. ஆறு படுக்கைகள், பன்னிரண்டு கம்பளிகள், ஓர் அடுப்பு. "குடில் நல்ல நிலையில் உள்ளது. கதவு எளிதாகத் திறந்து மூடுகிறது. வெளிச்சுவரில் பச்சை வண்ணம் புதிதாகப் பூசப்பட்டது." இதைப் பதினொரு ஆண்டுகள் எழுதியிருந்தார். எழுதி எழுதி அந்தக் குடில் மேல் அவருக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. ஒரு வருடம், யாரும் கேட்காமலேயே, "கதவில் சிறு கிறீச்சொலி இருந்தது, எண்ணெய் இடப்பட்டது" என்றுகூடச் சேர்த்தார். துறை வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகத்திலும் குடிலைப் பற்றிய பக்கம் அவர் எழுதியதுதான்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நிர்வாகத்தில்தான் புதிய இயக்குநர் வந்து சேர்ந்தார். பத்து நாள் மேலாண்மைப் பயிற்சி முடித்து, 'களமே கண்' என்ற கொள்கையோடு வந்தவர். முதல் வேலையாகக் கூட்ட அறையிலிருந்த நாற்காலிகளை அப்புறப்படுத்தினார். நின்றால்தான் சிந்தனை ஓடுமாம். இடுப்பு வலி காரணமாக அவருடைய நாற்காலி மட்டும் இருந்தது.

"பெரிய சிகரத்துக்குக் கடைசியா யார் போனது?" என்று உட்கார்ந்தபடி கேட்டார்.

நின்றுகொண்டிருந்த பதினேழு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"அறிக்கை வருஷா வருஷம் போகுதுங்க சார்" என்றார் மேற்படி.

"அறிக்கை போகுது, சரி. ஆள்?"

"அறிக்கை கூடவே போறதா ஐதீகம் சார்."

"இந்த வருஷம் நீங்களே போங்க. குடில் முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்து அறிக்கையோட இணைக்கணும்."

வீட்டில் மனைவி முதுகுப்பையைக் கட்டிலில் போட்டுப் பொருள்களை அடுக்கினார். அவர் கணக்கு ஆசிரியை. எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார்.

"கூடாரம் எதுக்கு? மூணு கிலோ இருக்கும். மேல குடில் இருக்கே" என்றார் மேற்படி.

"இருக்குன்னு யார் சொன்னா?"

"நான்தான் எழுதியிருக்கேன்!"

"அப்படின்னா கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க" என்று கூடாரத்தை அமுக்கிப் பையை இழுத்துக் கட்டினார் மனைவி.

மலையடிவாரத்துக்குப் பேருந்தில் ஒரு நாள். அங்கே வழிகாட்டி காத்திருந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, குரலில் சலிப்போ அவசரமோ இல்லாதவர். துறைக்காரர் என்றதும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிஜமாவே மேல வரப்போறீங்களா சார்?"

"கடமைம்மா."

"சரி, வாங்க. பையோட இடுப்புப் பட்டையை மாட்டுங்க. தோள்லயே சுமந்தா நாளைக்குக் கை தூக்க வராது."

முதல் நாள் காட்டுக்குள் நடந்தார்கள். மேற்படி நூறு அடிக்கு ஒருமுறை 'இயற்கையை ரசித்தார்'. மூச்சு சீராகும்வரை ரசித்துவிட்டு மீண்டும் நடந்தார். ஓடையைக் கடக்கும்போது ஒரு காலணியை நனைத்துக்கொண்டார். இரவு ஒரு மலைக் கிராமத்தில் தங்கினார்கள். இரண்டாம் நாள் மரங்கள் முடிந்து வெறும் சரளைக்கல் சரிவு தொடங்கியது. இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. ஆனாலும் ஒரு குதூகலம் அவரை மேலே இழுத்தது. பதினொரு ஆண்டுகளாக எழுத்தில் வளர்த்த பிள்ளையை முதன்முறையாக நேரில் பார்க்கப்போகிற தகப்பனைப்போல ஏறினார்.

மதியம் ஒரு மணிக்கு ஒரு சமதளத்தை அடைந்ததும் வழிகாட்டி நின்றார்.

"இதாங்க."

"எது?"

"உங்க குடில்."

புல்லும் பாறையும்தான் இருந்தன. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அதில் 'அடைக்கலக் குடிலுக்கான அடிக்கல்' என்று பொறித்திருந்தது. கீழே அதை நாட்டிய பெருமக்களின் பெயர்கள், வரிசையாக, பதவிகளோடு.

மேற்படி கல்லைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பின்பக்கமும் பார்த்தார்.

"கட்டலையா?"

"கல்லு நட ஹெலிகாப்டர்ல வந்தாங்க. பத்து நிமிஷம் இருந்தாங்க. அதுக்கப்புறம் நீங்கதான் வர்றீங்க."

"பச்சை வண்ணம்..." என்று தொடங்கி, மேற்படி சுற்றிலும் இருந்த புல்லைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இருந்தாலும் கடமை தவறவில்லை. கல்லின் அருகே உட்கார்ந்து செல்ஃபி எடுத்தார். அவர் பின்னால் வானம் கறுத்திருந்தது படத்தில்தான் அவருக்குத் தெரிந்தது.

வழிகாட்டி அதை முன்பே பார்த்துவிட்டார். "கூடாரத்தை எடுங்க சார்! சீக்கிரம்!"

பாறை மறைவில் இருவரும் கூடாரத்தை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, சரிவில் இருவர் ஏறி ஓடிவந்தார்கள். ஒரு தகப்பன், பதினைந்து வயது மகள். தகப்பன் கையில் துறையின் வழிகாட்டிப் புத்தகம்.

"குடில் எந்தப் பக்கங்க?" என்று கத்தினார் தகப்பன். "பச்சைக் கலர்!"

முதல் ஆலங்கட்டி மேற்படியின் நெற்றியில் விழுந்தது. "உள்ள வாங்க, உள்ள வாங்க!" என்றார்.

இருவருக்கான கூடாரத்தில் நான்கு பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். மூன்று மணி நேரம் எலுமிச்சை அளவு ஆலங்கட்டி கொட்டியது. துணி கிழிந்துவிடாமல் இருக்க நால்வரும் முதுகுப்பைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். மகளின் பற்கள் தந்தியடித்தன. வழிகாட்டி அவளைத் தன் மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

"கூடாரம் தேவையில்லைன்னு போட்டிருக்கான்" என்றார் தகப்பன், புத்தகத்தைக் காட்டி. "கதவுக்கு எண்ணெய் போட்டதைக்கூட எழுதியிருக்கான். அந்த ஒரு வரியிலதான் நம்பிட்டேன். இவ்வளவு நுணுக்கமா எழுதறவன் பொய் சொல்லமாட்டான்னு."

மேற்படி பையை இன்னும் உயரத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா யாரும் புகார் குடுக்கலையே" என்றார் மெதுவாக. துறையின் வாதம் அவரையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"புகார் குடுக்கணும்னா இறங்கி வரணுமே சார்" என்றார் வழிகாட்டி. "நாலு வருஷம் முன்னாடி ரெண்டு பேர். அதுக்கு முன்னாடி ஒருத்தர். நான்தான் தூக்கிட்டு இறங்கினேன். மூணு பேர் பையிலயும் இதே புத்தகம்."

ஆலங்கட்டி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மகள் பிடிவாதம் பிடிக்க, நால்வருமே உச்சிக்கு ஏறினார்கள். மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது எல்லாத் திசையும் மலையாகத் தெரிந்தது. மகள் கைகளை விரித்துக்கொண்டு கூவினாள். மேற்படி தகப்பனின் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கத்தை எழுதினவன் நான்தாங்க" என்றார்.

தகப்பன் அவரையே பார்த்தார். கை ஓங்குவார் என்று மேற்படி எதிர்பார்த்தார். ஓங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எழுந்து இறங்கத் தொடங்கினார்.

"அப்பா, இவர் கூடாரத்துலதானே உயிர் தப்பினோம்?" என்றாள் மகள்.

"இவர் எழுதினதாலதான் அதுக்குள்ள உட்கார வேண்டியதாச்சு" என்றார் அவர், திரும்பாமல்.

அடிவாரத்தில் மேற்படி வழிகாட்டியிடம் வண்ணமும் தூரிகையும் கேட்டு வாங்கினார். பாதை தொடங்கும் பாறையில், அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டும் தம் முத்து முத்தான கையெழுத்தில், ஆளுயரத்துக்கு எழுதினார்: "மேலே குடில் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. கூடாரம் எடுத்துச் செல்லவும்." கீழே கையொப்பமிட்டுப் பதவியையும் எழுதினார். கையொப்பம் இல்லாத எழுத்து செல்லாது என்பது அவர் அறிந்த சட்டம்.

திரும்பும் பேருந்திலேயே அறிக்கையும் எழுதினார். பணிக்காலத்தில் முதன்முறையாக அதில் ஒரு மேற்படிகூட இல்லை.

அறிக்கையைப் படித்த இயக்குநர் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"போன வருஷம் குடில் நல்ல நிலையில இருந்திருக்கு. இந்த வருஷம் இல்லை. நடுவுல அங்க போனது யார்?"

"நான் மட்டும்தான் சார்."

"அப்ப குடில் எங்கே?"

இந்தக் கேள்வியின் கூர்மையைக் கண்டு மூவர் குழு ஒன்று உடனடியாக அமைக்கப்பட்டது. குறிப்பாணை வந்தது: "பதினொரு ஆண்டுகள் நல்ல நிலையில் இருந்த அரசுக் குடிலைத் தாங்கள் ஒரே வருகையில் தொலைத்தது ஏன் என மூன்று நாள்களுக்குள் விளக்குக."

குழுத் தலைவர் நல்லவர். தனியாகக் கூப்பிட்டு வழி சொன்னார்.

"பனிமூட்டத்துல கண்ணுக்குத் தெரியலைன்னு ஒரு வரி எழுதிடுங்க. குடிலும் இருக்கும், நீங்களும் இருப்பீங்க. ஓய்வுக்கு ஆறு வருஷம்தானே? பாறையில எழுதினதை நாங்க ஆள் விட்டு அழிச்சிடறோம்."

மேற்படி இரவெல்லாம் யோசிக்கவில்லை. அங்கேயே நின்றபடி பேனாவை எடுத்தார். நின்றால் சிந்தனை ஓடும் என்பது அன்று ஒருமுறை உண்மையாயிற்று.

"குடிலைத் தொலைத்தவன் நானே" என்று எழுதினார். "கட்டாத குடிலைப் பதினொரு முறை நல்ல நிலையில் வைத்திருந்தேன். அதை நம்பி ஏறியவர்களில் மூவர் உயிரோடு இறங்கவில்லை. பன்னிரண்டாம் முறை என்னால் முடியவில்லை."

குழு இந்த வாக்குமூலத்தை மிகுந்த நடுநிலையோடு பரிசீலித்தது. பதினொரு ஆண்டுகள் பொய் எழுதினார் என்ற குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஏனெனில் குடில் நல்ல நிலையில் இருந்ததற்குத் துறையில் முறையான ஆவணங்கள் இருந்தன. ஒருமுறை உண்மை எழுதினார் என்ற குற்றம் மட்டும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகி, அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.